அத்தையின் பத்திரமும் என் கடைக் கம்ப்யூட்டரும்

2023 ஐப்பசி. மூன்று நாளாக மழை விடவில்லை. காலை எட்டரை மணிக்கு நான் கடைக்கு வந்தபோது என் அத்தை எனக்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார், முந்தானை நனைந்திருந்தது. ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் அவர் ஊர். போனில் ஒரு வார்த்தை சொல்லாமல், முதல் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் வரைக்கும் வந்திருக்கிறார் என்றால் ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்து, "இதுல இருபதாயிரம் குறையுது கண்ணு. நான் எடுக்கல. விரல் வச்சாத்தானே காசு வரும், நான் எங்கயும் வைக்கலையே" என்றார்.

மிளகு விற்ற பணம் அது. அடுத்தடுத்த இரண்டு நாட்களில் பத்தாயிரம், பத்தாயிரம் என்று போயிருந்தது. பக்கத்தில் ஏஇபிஎஸ் என்று அச்சாகியிருந்தது. ஆதார் நம்பர், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் இருந்தால் ஒரு சின்ன மெஷினில் பணம் எடுக்கலாம் என்கிற ஏற்பாடுதான் அது. கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபியும் வராது. ஒரு தடவைக்குப் பத்தாயிரம் வரை எடுக்கலாம். அத்தைக்கு இது புதிதில்லை, விதவை உதவித்தொகையை ஊருக்கு வருகிற வங்கிப் பிரதிநிதியிடம் விரல் வைத்துத்தான் வாங்குகிறார். அதனால்தான் அவர் கேள்வி அவ்வளவு சரியாக இருந்தது. விரல் அவரிடம் இருக்கிறது, அப்படியானால் அங்கே வைத்தது யாருடைய விரல்?

நான் சேலத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா எடுப்பது, வில்லங்கம் (ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்ப்பது, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பது, பத்திரம் ஸ்கேன் செய்வது, இதெல்லாம்தான் வேலை. பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருந்தும், நிலத்தின் காகிதங்கள் வழியாக ஒரு மனுஷியின் விரல் வெளியே போகும் என்பதை அன்று வரை நான் உட்கார்ந்து யோசித்ததில்லை. அதன் பிறகு தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது முன்கூட்டியே உதவட்டும்.

முதலில் அன்றைக்குச் செய்தது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தோம், புகார் எண் வாங்கிக்கொண்டோம். அப்புறம் வங்கிக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "ரேகை பொருந்தியிருக்குங்க, அப்ப நீங்கதானே எடுத்திருக்கணும்" என்றார். அத்தை அங்கேயே அழுதுவிட்டார். மூன்றாம் ஆளால் நடந்த மோசடியாக இருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. அதை பிரிண்ட் எடுத்து எழுத்துப் புகாரோடு சேர்த்துக் கொடுத்தேன். ஆனால் தகவல் எப்போது வந்தது என்று கேட்டார்கள். எஸ்எம்எஸ் போயிருந்தது, மாமாவின் நம்பருக்கு. மாமா இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது, அந்த சிம்மும் எப்போதோ செத்துப்போய்விட்டது. வீட்டில் ஒருவர் இறந்தால் பட்டா மாற்ற ஓடுகிறோம், வாரிசுச் சான்று வாங்க ஓடுகிறோம், அவருடைய நம்பர் எந்தெந்தக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பாதிப் பணம் திரும்பி வந்தது, அது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் போன முதல் நாள் எது என்று தேதியைப் பார்த்தபோது அத்தை, "அன்னிக்குத்தான் நான் ரேஷன் கடையில அரிசி வாங்குனேன்" என்றார். ரேஷன் கடையிலும் விரல்தான் வைக்க வேண்டும். கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, அன்றைய பில்லின் நேரத்தை எழுதி வாங்கினோம். வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்டதாகக் காட்டிய இடம் வேறு மாநிலம், இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஒரே விரல் மலை மேலேயும் அங்கேயும் இருக்க முடியாது. அந்தப் பத்தாயிரம் பங்குனியில் கணக்கில் விழுந்தது. இரண்டாவது நாளுக்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை, அந்தப் பணம் இன்று வரை வரவில்லை.

சரி, ரேகை எங்கிருந்து போனது? அந்த வருடம் ஆனி மாதம் அத்தைக்கும் கொழுந்தனாருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. பட்டாவில் 0.48.50 ஹெக்டேர், நம் பேச்சில் ஒரு ஏக்கர் இருபது சென்ட், சில்வர் ஓக் மரங்களும் அதில் ஏற்றிய மிளகும் கொஞ்சம் காப்பியும். பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவின்படி பத்திரத்தில் போட்டோவும் கைரேகையும் வரும். ஆள் மாறாட்டத்தைத் தடுக்கத்தான் 2001ல் அந்தப் பிரிவைக் கொண்டுவந்தார்கள், நல்ல நோக்கம், பல மோசடிகளை அது தடுத்தும் இருக்கிறது. ஆனால் அதே பத்திரத்தை ஸ்கேன் செய்தால் போட்டோ, ரேகை, கையெழுத்து, அப்பா பெயர், முகவரி, கூடவே நாம் இணைக்கிற ஆதார் நகல் எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பில் உட்கார்ந்துவிடுகின்றன.

இது புதிய விஷயமும் இல்லை. 2018ல் தெலங்கானாவில் சிம் விற்கிற ஒருவர் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைத்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, அச்சு செய்து, அவற்றை வைத்து சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். 2023ல் பெங்களூரில் பத்திரம் பதிந்தவர்கள் பலரின் கணக்கிலிருந்து அத்தைக்குப் போன மாதிரியே பணம் போய், பத்திர நகல்களில் ரேகை தெரியாமல் மறைக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே பெரிதாக எழுந்தது. இதையெல்லாம் படித்தபோது, அரசு இணையதளத்திலிருந்துதான் போயிருக்கும் என்று அத்தை பையனும் நானும் முதலில் முடிவு கட்டிவிட்டோம். கோபத்தைக் காட்ட ஒரு இடம் கிடைத்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி ஒரு பேப்பரை எடுத்து, அந்த ஒரு பத்திரத்தின் ஸ்கேன் எங்கெங்கே போனது என்று எழுத ஆரம்பித்தேன். பத்திரம் எழுதியவரின் கம்ப்யூட்டர். அவருடைய உதவியாளரின் போன், ஏனென்றால் பக்கம் சரிபார்க்க அவர்தான் வாட்ஸ்அப்பில் வாங்கினார். கொழுந்தனாரின் போன். அவருடைய மகனின் போன், அவன் அதை உறவுக்கார குரூப்பில் "பாகம் முடிந்தது" என்று போட்டிருக்கிறான், அந்த குரூப்பில் நாற்பது பேருக்கு மேல். மிளகுக் கொடிக்குக் கடன் கேட்ட இடத்துக்கு ஒரு நகல். கொழுந்தனாரின் பாகத்தை விலை பேச வந்த புரோக்கருக்கு ஒன்று, அவர் அதை யாருக்கெல்லாம் அனுப்பினாரோ அவர்களுக்கு. பட்டா மாறுதலுக்குப் பதிவேற்றியது ஒன்று. கடைசியாக என் கடை. பத்திரத்தை ஸ்கேன் செய்தவள் நான்தான், அந்தக் கோப்பு என் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரில் அப்படியே இருந்தது, அத்தையின் பெயரையே கோப்புப் பெயராகப் போட்டு. இத்தனை வாசல் திறந்து கிடக்கும்போது எது வழியாகப் போனது என்று யாரால் சொல்ல முடியும்? என் கடை வழியாகப் போகவில்லை என்று அத்தையிடம் சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அதை அவரிடமே சொன்னேன். "நீ என்ன கண்ணு பண்ணுவ" என்றார், அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்று ராத்திரியே அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். ஆறு வருடத்து மனிதர்கள். ஆதார், பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஒருவருடைய உயில்கூட இருந்தது. கடையில் வேலை பார்த்துவிட்டுப் போன மூன்று பையன்களுக்கும் அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு தெரியும், நான் மாற்றியதே இல்லை. பிரவுசரில் வாடிக்கையாளர்களின் லாகின் விவரங்கள் சேமித்துக் கிடந்தன, "அடுத்த தடவை வரும்போது சுலபமாக இருக்கும்" என்று நானே சேமித்தவை. ஒரு பெரியவரின் வாட்ஸ்அப் இன்னும் திறந்தே இருந்தது, அவர் போன வாரம் பத்திரத்தை பிரிண்ட் எடுக்க லாகின் செய்தது. நல்லவளாக இருந்தேன், ஆனால் கவனமாக இல்லை. இந்த வேலையில் இரண்டும் வேண்டும்.

ஜெராக்ஸ் மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மல்டிஃபங்ஷன் மெஷினை மாற்றிக்கொள்ள வந்த மெக்கானிக், உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க்கைக் காட்டினார், அதில் ஸ்கேன் செய்த பக்கங்கள் தங்கியிருந்தன. அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். மோசமாக வந்த பிரிண்ட்களை என்ன செய்கிறோம்? நான் மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் வாங்கினபோது, கீழே வைத்துக் கொடுத்த காகிதத்தின் மறுபக்கத்தில் ஒரு கிரயப் பத்திரத்தின் பக்கம், ஒரு அம்மாவின் போட்டோவோடும் ரேகையோடும். அது என் கடையில் எடுத்ததா வேறு கடையுடையதா என்று தெரியாது. சாப்பிடாமல் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து எரித்தேன். அடுத்த வாரம் காகிதம் கிழிக்கிற மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன்.

இவ்வளவும் சொன்னதால் பட்டாவையும் வில்லங்கத்தையும் யாரும் பார்க்க முடியாமல் பூட்ட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பூட்டவே கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1980ல் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை எடுக்கும் வரை ஊர்க் கணக்கு அந்த ஒரு வீட்டுப் பெட்டியில் இருந்தது, அவர் சொன்னதுதான் எல்லை. படிக்கத் தெரியாத மக்களின் நிலம் அந்த இருட்டில் எப்படிக் கை மாறியது என்று சேர்வராயன் மலையில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார். இன்றைக்கு மொபைலுக்கு ஓடிபி வாங்கிக்கொண்டு யாரும் பட்டாவைப் பார்க்கலாம், பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். ஓமலூர் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் என் கடையில் சும்மா வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான், தனக்குத் தெரியாமல் தன் நிலத்தின் மீது ஒரு பவர் பத்திரம் பதிவாகியிருந்ததைக் கண்டார். பார்க்க முடிந்ததால்தான் உடனே புகார் கொடுக்க முடிந்தது. அதனால் நிலம் வைத்திருக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்று 1908ம் வருடத்துப் பதிவுச் சட்டமே யோசித்திருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகிற முதல் புத்தகத்தை, கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் பதிவாகிற மூன்றாம் புத்தகம் அப்படி இல்லை, எழுதியவர் உயிரோடு இருக்கிற வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டும்தான் நகல் கிடைக்கும். நான்காம் புத்தகத்தில் பதிவாகிற மற்ற பத்திரங்களின் நகலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான். இன்னும் ரகசியம் வேண்டும் என்றால் உயிலை உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். "உயிலைப் பதிவு பண்ணா பசங்க ஆன்லைன்ல பாத்துருவாங்களாம்மா?" என்று பயந்து கேட்கிற பெரியவர்கள் மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். ஆனால் அதே உயிலை ஸ்கேன் செய்து என் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டுப் போனால் சட்டம் போட்ட பூட்டுக்கு என்ன அர்த்தம்?

1908ல் முதல் புத்தகத்தைத் திறந்து வைத்தவர்கள் காலத்தில் நகல் வேண்டும் என்றால் நேரில் போய், எழுதிக் கொடுத்து, காத்திருந்து வாங்க வேண்டும். ஒரு பக்கத்தைப் பார்க்கவே ஒரு நாள். அந்த ஒரு நாளே ஒரு வேலியாக இருந்திருக்கிறது. இப்போது அந்த வேலி இல்லை, ஒரு ராத்திரியில் ஒரு ஊரையே இறக்கிவிடலாம். இந்தச் சர்வே நம்பர் யாருடையது, எவ்வளவு பரப்பு, கடன் இருக்கிறதா என்பது நிலத்தின் விவரம், அது ஊருக்குத் தெரிய வேண்டும். விரல், ஆதார் நம்பர், போன் நம்பர், கையெழுத்து ஆளுடைய விவரம். இரண்டையும் ஒரே காகிதத்தில் வைத்திருப்பதுதான் சிக்கல்.

போன் நம்பர் விஷயம் தனியாகவே எழுத வேண்டியது. பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்த பத்தாவது நாளே அத்தைக்கு ஒரு போன். "நாகலூர் பக்கம் உங்க பேர்ல ஒண்ணேகால் ஏக்கர் கிட்ட இருக்குதாமே, வீட்டுக்காரரும் இல்லையாமே, ரிசார்ட் போடறவங்க கேக்கறாங்க, குடுக்கறீங்களா?" என்று. பெயரும் பரப்பும் பட்டாவில் இருக்கிறது, அது தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. நம்பர் பட்டாவில் கிடையாது, மாமா இல்லை என்பதும் கிடையாது. எப்படிக் கிடைத்தது என்று நான் அந்த நம்பருக்குத் திருப்பி அழைத்துக் கேட்டேன். "லிஸ்ட்ல இருந்துச்சுங்க" என்றார், ஒளிவுமறைவே இல்லாமல். அந்த லிஸ்ட் எப்படி உருவாகிறது என்பது அடுத்த மாதமே தெரிந்தது. ஒருவர் என் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்களின் சர்வே நம்பரையும் போன் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு பேருக்கு இருபது ரூபாய் தருவதாகச் சொன்னார். தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கிறவர்கள், கணவர் இல்லாதவர்கள், வெளியூரில் இருக்கிறவர்கள் என்றால் ஐம்பது. கேட்கும்போதே எனக்கு உடம்பு பதறியது. யாருக்குத் துணை இல்லையோ அவர்களுக்குத்தான் விலை அதிகம். அவரைக் கடைக்கு வெளியே அனுப்பிவிட்டேன், ஆனால் அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

இந்தக் கடைக்கு முன்பு, 2004ல் இருந்து இரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் சிட்டா விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஒப்பந்த வேலையில் இருந்தேன். எட்டுப் பேர் உட்கார்ந்து அடித்தோம், எட்டுப் பேருக்கும் ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. ஒரு தடவை ஒருவருடைய பரப்பு 12 ஏர்ஸ் என்றிருந்தது 21 என்று மாறிவிட்டது. தவறா, வேண்டுமென்றா, யார் செய்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எட்டுப் பேரும் ஒரே ஆள். அந்த நிலத்துக்காரர் அதைச் சரி செய்ய ஒரு வருடம் அலைந்தார். அதற்கப்புறம் எத்தனையோ மாறிவிட்டது, ஆனாலும் நிலப் பதிவேட்டில் என்ன பாதுகாப்பு வேண்டும் என்று யார் கேட்டாலும் என் முதல் பதில் இதுதான்: ஆளுக்கு ஒரு லாகின், வேலையை விட்டுப் போன அன்றே அதை மூடுவது, யார் எப்போது எந்த சர்வே நம்பரைப் பார்த்தார், எதை மாற்றினார் என்று அழிக்க முடியாத ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு நிலத்துக்காரருக்கும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. கணக்கிலிருந்து நூறு ரூபாய் எடுத்தால் மெசேஜ் வருகிறது. என் பட்டாவை ஒரே வாரத்தில் ஐந்து பேர் இறக்கினால் எனக்கும் ஒரு மெசேஜ் வரட்டுமே.

கடையில் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே கோப்பை அழிக்கிறேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறேன். ராத்திரி கடை மூடும் முன் டவுன்லோட் ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். "நாளைக்கு வேணும், வச்சிருங்க அக்கா" என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், அவர்களுடைய பென் டிரைவிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். விண்ணப்பங்களில் என் போன் நம்பரைப் போடுவதை அடியோடு நிறுத்தினேன். கடைகளில் இது சாதாரணமாக நடக்கும், ஓடிபி வாங்க வசதி என்று. ஆனால் அந்த விண்ணப்பம் என்ன ஆனது என்ற தகவல் நிலத்துக்காரருக்குப் போகாமல் கடைக்காரருக்குப் போகும். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும், உங்கள் நம்பரை அல்லது உங்கள் பிள்ளையின் நம்பரைத்தான் போட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆதார் நகல் கேட்கிற இடங்களில் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுத்துப் பாருங்கள், ஆதார் இணையதளத்திலேயே இறக்கலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். முழு ஆதார்தான் வேண்டும் என்று சொல்கிற இடத்தில், நகலின் குறுக்கே "பட்டா மாறுதலுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், எழுத்து நம்பரின் மேலேயும் படும்படி. இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு போட்டிருப்பதால் பத்திரம் என்று நினைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்திரத்தை விலை பேச வருகிறவர்களுக்கு முழு ஸ்கேன் அனுப்பவே வேண்டாம். சர்வே நம்பரும் உட்பிரிவும் சொன்னால் போதும், பட்டாவையும் வில்லங்கத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பேச்சு முற்றியதும் நேரில் அசலைக் காட்டலாம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ரேகையும் ஆதாரும் இருக்கிற இடங்களில் காகிதத்தை வைத்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் பிடிஎஃப் மேலேயே கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்பினேன். என் அண்ணன் மகன் அதைத் திறந்து, அந்தக் கட்டத்தை மவுஸால் பிடித்து ஓரமாக இழுத்துக் காட்டினான். அடியில் ரேகை அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைப்பது. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ செய்யலாம், பூட்டிய பிறகு யாரிடம் உங்கள் ரேகையின் அச்சு இருந்தாலும் வேலை செய்யாது. ஆனால் ஆதாரில் மொபைல் நம்பர் இணைந்திருக்க வேண்டும். அத்தைக்கு இணையவில்லை, அதற்கு ஆதார் மையத்தில் வரிசையில் நின்று ஐம்பது ரூபாய் கட்டி இணைத்தோம். பூட்டின அடுத்த வாரமே ரேஷன் கடையிலிருந்து போன், "விரல் எடுக்க மாட்டேங்குது கண்ணு, எல்லாரும் நிக்கறாங்க". இதை நான் யோசிக்கவே இல்லை. உதவித்தொகைக்கும் அதே கதைதான். தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும். அத்தையால் அந்தச் செயலியை இயக்க முடியாது, அதனால் ரேஷன் வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார், நான் கேட்டு வாங்குகிற ஓடிபியை வைத்துக் கீழே இருந்து திறந்துவிடுவேன். மலையில் சிக்னல் இல்லாத நாட்களில் திண்டாட்டம்தான். பாதுகாப்புக்கு ஆகிற இந்தச் செலவு படிக்கத் தெரியாதவர்கள் தலையில்தான் முழுசாக விழுகிறது, அவர்களுக்கு ஒரு சுலபமான வழி செய்து தர வேண்டியது அமைப்பின் கடமை. பணம் எடுக்கிற அந்த வசதியே வேண்டாம் என்றால், நிறுத்தி வைக்க முடியுமா என்று வங்கியில் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு. ஆதார் நம்பரைப் பொதுவில் வெளியிடக் கூடாது, ஆதாருக்காக எடுத்த ரேகையை யாரோடும் பகிரக் கூடாது என்று 2016 ஆதார் சட்டத்தின் 29வது பிரிவு சொல்கிறது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான பொறுப்புகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஆனால் ஒரு சட்டக் கடமையின்படி பொதுவில் வைக்கப்பட்ட விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. பதிவேட்டில் பொதுவில் எதை வைக்கிறோம் என்பதை இப்போதே கறாராகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். என்னைப் போன்ற கடைகளுக்கும் பத்திரம் எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சட்டத்தைப் பற்றி யாராவது ஒரு மணி நேரம் தமிழில் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவோ நடக்கும்.

வருகிற தை மாதம் அத்தை தன் பாகத்தை மகளுக்கு செட்டில்மெண்ட் எழுதப் போகிறார். போன வாரம் போனில், "மறுபடியும் ரேகை வைக்கணுமா கண்ணு?" என்று கேட்டார். வைத்துத்தான் ஆக வேண்டும் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எப்படிச் செய்வது என்று பேசி வைத்திருக்கிறோம். முந்தின நாளே பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது, அலுவலகத்தில் ஆதார் வழியாகச் சரிபார்க்கச் சொன்னால் அந்த நேரத்துக்கு மட்டும் திறப்பது, பத்திரம் எழுதுகிறவரிடம் ஆதாரைக் கையில் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்வது, பத்திரம் கைக்கு வந்ததும் யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பாமல் இருப்பது. ஸ்கேன் ஒன்றே ஒன்று, மகளின் பென் டிரைவில். "குரூப்ல போடக் கூடாதுன்னு என் கொழுந்தன் பையன்கிட்டயும் சொல்லிரு" என்றார். சொல்லிவிட்டேன்.